தென்னங்குருத்தைக் காக்க: கம்பியா, வேம்பா, பொறியா?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் ஏழு வளவுகள். ஏழிலும் தென்னை நிற்கிறது. போன வருடம் என் வளவில் ஆறு வயதுத் தென்னம்பிள்ளை ஒன்று பட்டுப்போனது. புதிய ஓலை கத்தரியால் நறுக்கியதுபோல் முக்கோண வெட்டுகளோடு விரிந்தபோதே கருவண்டு (காண்டாமிருக வண்டு) குருத்தைக் குடைந்துவிட்டது என்று நான் விழித்திருக்க வேண்டும். கருவண்டு மட்டும் வந்தால் மரம் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் அது குடைந்த காயத்தில் செவ்வண்டு முட்டையிடும். பொரித்த புழுக்கள் தண்டை உள்ளிருந்தே தின்னும். தண்டில் பழுப்புச் சாறு வடிவதை நான் கண்டபோது உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அதன் பிறகுதான் ஒவ்வொரு வழியையும் எடைபோடத் தொடங்கினேன்.

கொக்கிக் கம்பியால் வண்டைக் குத்தி எடுப்பது பழைய முறை. செலவில்லை, நஞ்சில்லை. கை எட்டும் பிள்ளைகளுக்கு இதைவிட உடனடியான வழி வேறில்லை. உயர்ந்த மரத்துக்கோ ஏறுபவரைத் தேட வேண்டும். வண்டு உள்ளே போன பிறகுதான் கம்பிக்கு வேலை என்பதும் ஒரு குறை. கம்பி பட்ட காயத்தை அப்படியே விட்டால் செவ்வண்டுக்கு நாமே கதவு திறந்துவிட்டதாகிவிடும்.

வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. இதைக் கலந்து குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் கவட்டில் இடுவதையே நான் முதலில் வைப்பேன். மணல் வண்டின் கழுத்து மூட்டில் உராய்ந்து அதை வருத்தும், வேம்பு விரட்டும். திருகோணமலையில் வேம்புக்குப் பஞ்சமில்லை. கொட்டையைப் பொறுக்கிக் காயவைத்தால் போதும். மாரி மழை கவட்டைக் கழுவிவிடும் என்பதால் ஐப்பசிக்கு முன் ஒருமுறையும் மழை ஓய்ந்து தையில் ஒருமுறையும் இட வேண்டியிருக்கிறது. வேம்புக்குப் பதிலாகப் பூச்சி உருண்டை வைப்பவர்களும் உண்டு. குழந்தைகள் விளையாடும் வளவில் எனக்கு அது பிடிக்கவில்லை.

வாளியில் கவர்ச்சி மருந்தைத் தொங்கவிடும் பொறியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வாளி நிறைய வண்டு விழுந்தால் மனம் குளிரத்தான் செய்யும். ஆனால் அந்த மணம் பக்கத்து வளவுகளிலிருந்தும் வண்டுகளை அழைக்கும். வருகிறவை எல்லாம் வாளிக்குள் விழுவதில்லை. இளம் பிள்ளைகளின் நடுவே ஒருவர் தனியாகப் பொறி வைப்பது ஆபத்து. ஒழுங்கை முழுவதும் சேர்ந்து, தென்னையிலிருந்து தள்ளி, வெறுங்காணி ஓரத்தில் வைத்தால் பயனுண்டு. கருவண்டுக்கும் செவ்வண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதையும் வாங்கும்போது கவனியுங்கள்.

தண்டில் துளையிட்டு நஞ்சு ஏற்றுவது செவ்வண்டு புகுந்த மரத்துக்கான கடைசி வழி. நேரத்தோடு கண்டுபிடித்தால் மரம் பிழைக்கலாம். தெங்கு பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள். ஏற்றிய மரத்தில் அவர் சொல்லும் காலம்வரை தேங்காயோ இளநீரோ பறிக்கக்கூடாது.

இந்த நான்கும் வந்த வண்டோடு மல்லுக்கட்டுபவை. கருவண்டு பிறப்பதோ எருக் கிடங்கிலும் உக்கிய தென்னங்குற்றியிலும்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எருவைக் கிளறினால் வளைந்து கிடக்கும் தடித்த வெள்ளைப் புழுக்கள் வெளியே வரும், கோழிகள் விடாது. மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணத்தைக் கிடங்கில் கலந்தாலும் புழுக்கள் நோயுற்றுச் சாகும். பொறிக்குக் காசு சேர்ப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஆறு வளவுகளில் கிடங்கைக் கிளறிவிட்டார்கள்.

ஏழாவது வளவின் சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். அங்கே காற்றில் சரிந்த இரண்டு மரங்கள் கிடந்து உக்குகின்றன. ஒன்றின் பட்டையை உரித்துப் பார்த்தேன்; கை நிறையப் புழு. தொலைபேசியில் பேசியபோது, “தம்பி, வெட்டி எரித்துவிடுங்கள், கூலியை நான் அனுப்புகிறேன்” என்றார். வருகிற ஞாயிறு கோடரியோடு போகிறோம்.