தேய்ந்த விளிம்புக் கட்டை: சபேலியா, ஆஷா, பிளாஸ்டிக்கா?

பழைய மிரர் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு தேய்ந்த விளிம்புக் கட்டையை எந்த மரத்தால், அல்லது வேறு எந்தப் பொருளால் மாற்றுவது என்ற கேள்வி ஏதோ ஒரு வசந்த காலத்தில் வந்தே தீரும். குளிர்காலம் முழுக்கப் போர்த்தி வைத்த உறையை விலக்கினால் விளிம்புக் கட்டையில் வார்னிஷ் செதில் செதிலாக உரிந்திருக்கும், மரம் சாம்பல் பூத்திருக்கும். என் படகில் இடது பக்கம்தான் மோசம். படகுத்துறையில் எப்போதும் அந்தப் பக்கத்தையே அணைத்துக் கட்டுவது என் வழக்கம். பின்முனைக்கு அருகே திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன், கேக்கில் இறங்குவதுபோல் இறங்கிற்று.

சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்முனைக்கு அணியம், பின்முனைக்கு அமரம் என்று நம் கடலோரத்தில் நல்ல சொற்கள் இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்துகிறேன். பக்கப் பலகையின் மேல்விளிம்பில் நீளமாக ஓடும் சட்டத்தை இங்கிலாந்தில் 'கன்னல்' என்பார்கள். இங்கே அதை விளிம்புக் கட்டை என்றே எழுதுகிறேன்.

மரத்தைத் தேர்வு செய்யும் முன் இந்தப் படகில் அந்தக் கட்டைக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வடிவமைத்த மிரர், டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவில் 1963இல் வெளிவந்தது. வீட்டில் இருந்தபடியே கட்டிக்கொள்ளும் கிட்டின் விலை அப்போது 63 பவுண்டு 11 ஷில்லிங். பிளைவுட் தகடுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடியிழை நாடாவும் ரெசினும் பூசி இணைப்பார்கள். 70,000க்கும் மேல் கட்டப்பட்ட இந்தப் படகின் நீளம் 3.3 மீட்டர், வெறும் கூட்டின் எடை 45.5 கிலோ. இவ்வளவு இலேசாக இருக்கக் காரணம் பக்கப் பலகை மெல்லியது என்பதுதான். அந்த மெல்லிய பலகைக்கு விறைப்பைத் தருவது விளிம்புக் கட்டை. பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகளின் தகடுகளும் இந்த விளிம்பை ஒட்டியே இருக்கின்றன. பிளைவுட்டின் வெட்டு முனையை மழையிலிருந்து காப்பதும் இதுதான்.

ஆகவே இந்தக் கட்டைக்கு இரண்டு வேலைகள். படகை விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும், துறையில் உரசி அடிபடவும் வேண்டும். ஒன்று நிலைத்து நிற்கிற வேலை, மற்றது தேய்ந்து போகிற வேலை. சந்தையில் கிடைக்கும் தேர்வுகளை ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

முழுவதும் மாற்றுவதா, கெட்ட பகுதியை மட்டுமா?

கேடு அரை மீட்டருக்குள் நின்றிருந்தால் ஒட்டுப் போடுவதே சரி. கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, மிஞ்சிய முனையையும் புதுத் துண்டின் முனையையும் நீளச் சாய்வாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்து எபாக்சியால் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) ஒட்ட வேண்டும். சாய்வு ஒன்றுக்கு எட்டு. 20 மி.மீ. தடிமனுள்ள கட்டைக்கு 160 மி.மீ. நீளச் சாய்வு தேவை. இதைக் குறைத்தால் வளைவு சீராக வராது. ஒட்டின இடம் விறைத்து நின்று முழங்கை மாதிரி மடங்கும், கண்ணுக்கும் உறுத்தும்.

ஆனால் கேடு எங்கே நிற்கிறது என்பது வெளியே தெரியாது. 1960, 70களில் வீட்டுக் கிட்களில் புழங்கிய யூரியா ஃபார்மால்டிஹைட் பசை நாளானால் நொறுங்கும். கட்டைக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்து, தண்ணீர் அதற்குள் நீளவாக்கில் ஓடும். நான் அரை மீட்டர் என்று நினைத்து வெட்டத் தொடங்கினேன். உளியை உள்ளே கொடுத்ததும் மற்ற ஒன்றரை மீட்டரும் தானாகக் கையோடு வந்துவிட்டது. அப்படி வந்தால் ஒட்டுப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

கட்டையைக் கழற்றும்போது ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் பக்கப் பலகைகள் தளர்ந்து வெளியே விரியும். குறுக்கே ஒரு சட்டத்தைக் கட்டி அகலத்தை நிறுத்திவைப்பது இன்னும் நல்லது.

மரங்கள்

எடையைப் பற்றித்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20க்கு 20 மி.மீ. கட்டை, பக்கத்துக்கு 3.5 மீட்டர் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து சபேலியில் சுமார் 1.8 கிலோ, ஆஷில் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஸ்ப்ரூஸில் 1.2 கிலோ. மிக இலேசான மரத்துக்கும் மிகக் கனமானதற்கும் முக்கால் கிலோதான் வித்தியாசம். எடையை வைத்து மரம் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. ஸ்ப்ரூஸ் மென்மையானது, துறையின் ஒரு ஆணித்தலை பட்டாலே பள்ளம் விழும். அதை ஒதுக்கிவிடலாம்.

சபேலி மஹாகனிக் குடும்பத்து ஆப்பிரிக்க மரம். நிறம் பழைய படகோடு ஒத்துப்போகும், எபாக்சி நன்றாகப் பிடிக்கும், நடுத்தரமான நீடித்த தன்மை உண்டு. அதன் ரேகை மாறி மாறிப் பின்னிக்கொண்டு ஓடுவதால் இழைப்புளி ஒரு திசையில் வழுக்கிப்போகும், அதே இடத்தில் சற்றுத் தள்ளி நாரைப் பிய்க்கும். ஆவியில் வளைக்கவும் சரிவராது. மிரரில் இது பெரிய தடையாக இருக்காது. இதன் அணியம் கூராக முடியாமல் தட்டையாக வெட்டியது போல் இருப்பதால் விளிம்பின் வளைவு மென்மையானது.

வளையாமல் முரண்டுபிடித்தால் ஆவியைவிட எளிய வழி, கட்டையை இரண்டு மெல்லிய அடுக்குகளாகப் பிளந்து ஒட்டுவது. வளைக்கத் தேவைப்படும் விசை தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். பாதித் தடிமனுள்ள அடுக்கை வளைக்க எட்டில் ஒரு பங்கு விசை போதும். பசை காய்ந்தபின் அந்த வளைவு அப்படியே நிற்கும், பலகையை வெளிப்புறம் இழுத்துக்கொண்டிருக்காது.

ஆஷ் ஆவிக்கு அருமையாக வளையும் மரம். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேர ஆவி என்பது பழைய கணக்கு. சூளையில் உலர்த்திய ஆஷைவிடக் காற்றில் உலர்த்தியது நன்றாகக் கேட்கும். அடியை வாங்கும் திறனும் அதிகம், கோடரிக்கும் சுத்தியலுக்கும் இதில் பிடி போடுவது அதனால்தான். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. ஈரத்தில் மிக விரைவாக உளுத்துப்போகும். நீடிப்புத் தரவரிசையில் ஆஷ் கடைசி வகுப்பு. வார்னிஷில் ஒரு கீறல் விழுந்தால் அதைச் சுற்றிக் கருமை படரத் தொடங்கும்.

இரோக்கோ உளுக்காது. ஆனால் மரத்துக்குள் சுண்ணாம்புக் கட்டிகள் ஒளிந்திருந்து உளியின் முனையை மழுக்கும். தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால் ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். ஓக் மரத்தில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் கறுப்புக் கறை தரும், அதனால் எனக்கு அதில் ஆசை இல்லை.

பிளாஸ்டிக்கும் அலுமினியமும்

பி.வி.சி. சட்டத்தை விற்பவர்கள் 'பராமரிப்பே வேண்டாம்' என்பார்கள். உரசலுக்கு அது நல்ல பொருள்தான். ஆனால் விறைப்பு தராது. இந்தப் படகில் மரக்கட்டைக்குப் பதிலாக அதை மட்டும் வைத்தால் பக்கப் பலகை நாணலாக ஆடும். வெப்பத்துக்கு நீளவும் செய்யும். 30 டிகிரி வித்தியாசத்தில் 3.5 மீட்டர் சட்டம் 5 மி.மீ.க்கு மேல் நீளும். முனைகளை இறுக்கிவிட்டால் நடுவே அலை அலையாகப் புடைக்கும். அலுமினியம் இதில் பாதிகூட நீளாது, ஆனால் உப்புநீரில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியோடு சேர்த்தால் திருகாணியைச் சுற்றி அரித்து வெண்பொடியாகும். கண்ணாடியிழைப் படகுகளில் இவை இரண்டுக்கும் இடம் உண்டு. பிளைவுட் மிரருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒட்டுவதா, திருகுவதா?

மெல்லிய பிளைவுட்டில் திருகாணி கடிப்பதற்குச் சதை இல்லை. எனவே பக்கப் பலகையோடு சேரும் கட்டைக்கு எபாக்சிதான். சிலிக்காத் தூள் கலந்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கெட்டியாக்கிப் பூசுங்கள். 10 டிகிரிக்குக் கீழே வேலையைத் தொடங்காதீர்கள், சரியாக இறுகாது. 15 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப் என்றால் ஒரு பக்கத்துக்கு இருபத்துநாலு வேண்டும். கடன் வாங்கியாவது சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பதினைந்தோடு சமாளிக்கப் பார்த்து, இரண்டு இடங்களில் இடைவெளி விட்டு, மறுநாள் அவற்றை உளியால் திறந்து மறுபடி ஒட்டினேன்.

எல்லாவற்றையும் எடைபோட்டு நான் செய்தது இது. ஒரே கட்டையிடம் இரண்டு வேலையையும் கேட்கவில்லை. உள்ளே 14 மி.மீ. சபேலி, எபாக்சியால் நிரந்தரமாக ஒட்டியது. அதன் வெளிமுகத்தில் 8 மி.மீ. ஆஷ் பட்டி, திருகாணியால் மட்டும் பிடித்தது. விறைப்பு சபேலியின் பொறுப்பு, அடி வாங்குவது ஆஷின் பொறுப்பு. உளுத்துப்போகும் என்பதற்காக ஆஷை ஒதுக்கியிருப்பேன். கழற்றி மாற்றக்கூடிய இடத்தில் வைத்தால் அந்தக் குறை பெரிதாகப் படவில்லை.

திருகாணிகள் சிலிக்கான் வெண்கலம், முக்கால் அங்குலம், தலை மரத்துக்குள் அமிழும்படி. பித்தளை வேண்டாம். உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும், செம்பின் இளஞ்சிவப்பு மட்டும் மிஞ்சி, திருப்பும்போது தலை கையோடு வரும். ஆஷுக்கும் சபேலிக்கும் நடுவே ப்யூட்டைல் நாடா, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் போன்ற ஒட்டு நாடா. பாலியூரித்தேன் ஒட்டு கூடவே கூடாது, பிடித்தால் விடாது. பந்தயத்துக்குப் போகும் படகானால் கட்டையின் அகலத்தை மாற்றும் முன் மிரர் வகைப் படகுகளுக்கான பந்தய விதிகளைப் பாருங்கள்.

சபேலிக்கு எபாக்சிப் பூச்சும் மேலே புற ஊதாவைத் தடுக்கும் வார்னிஷும். ஆஷ் பட்டிக்கு எண்ணெய் மட்டும், மாதம் ஒருமுறை துணியால் தேய்த்துவிடுவேன். அடிபடும் இடத்தில் கெட்டிப் பூச்சு விரிசல் விட்டால் தண்ணீரை உள்ளேயே அடைத்து வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது கோடையில் இடது பக்கப் பட்டி கறுத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை திருகாணிகளை எடுத்தேன், நாடா இழுபட்டு விட்டுக்கொடுத்தது. கீழே சபேலியின் வார்னிஷ் பூசிய அன்றைக்கு இருந்தது போலவே பளபளத்தது. புதுப் பட்டிக்குப் பழையதையே அச்சாக வைத்துத் துளையிட்டேன். மதியத்துக்குள் படகு தண்ணீரில் இருந்தது.