கணக்கு நோட்டில் ஓடும் அம்பு

"மாமா, வேலைக்கு உதவாத நிரல்மொழி ஒன்றைக் கற்க வேண்டும். எதில் தொடங்கலாம்?" மழை விடுமுறை நாளொன்றில், தண்டையார்பேட்டை வீட்டில் அக்காள் மகன் கேட்டான். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

எல்லோரும் முதலில் சொல்வது, உர்பான் முல்லர் 1993இல் உருவாக்கிய மொழியை. பெயரின் முன்பாதி 'பிரெயின்', பின்பாதி வசைச்சொல் என்பதால் அக்காள் எதிரில் அது 'பி.எஃப்.' மட்டுமே. மொத்தம் எட்டுக் குறிகள்தான்.

++++++++[>++++++++<-]>+.

இது ஆங்கில 'ஏ' எழுத்தை அச்சிடும். நினைவகத்தின் முதல் கட்டத்தில் எட்டு வைத்து, அதில் ஒன்று குறையும்போதெல்லாம் அடுத்த கட்டத்தில் எட்டைக் கூட்டினால் 64. இன்னொன்று சேர்த்தால் 65, கணினியில் அந்த எழுத்தின் எண். நினைவகம் என்பது வெறும் எண் வரிசை என்பதை இவ்வளவு பச்சையாக எந்தப் பாடமும் காட்டாது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விளங்கிவிடும். பிறகு மிஞ்சுவது கூட்டல் குறிகளை எண்ணும் வேலை. அரிசியில் கல் பொறுக்குவதைப் போல.

அதே ஆண்டில் கிறிஸ் பிரெசி உருவாக்கிய பிஃபஞ்ச் வேறு ரகம். நிரல் வரிவரியாக ஓடாது. 80க்கு 25 கட்டங்களில் ஓர் அம்பு கட்டளைகளைப் படித்தபடி நாலா பக்கமும் ஓடும். < > ^ v என்ற குறிகள் வழி திருப்பும். கேள்விக்குறியை மிதித்தால் எந்தப் பக்கம் போகும் என்று எழுதியவனுக்கே தெரியாது. வலது ஓரத்தைத் தாண்டினால் இடது ஓரத்தில் முளைக்கும். சௌகார்பேட்டைச் சந்துகளில் ஒருவழிப் பாதை தேடியவர்களுக்கு இது புதிதல்ல. ஓடிக்கொண்டே தன் கட்டங்களையே மாற்றி எழுதவும் நிரலால் முடியும். அந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. கணினிகூட வேண்டாம், கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் போதும்.

1972இல் பிறந்த இன்டர்கால், 'தயவுசெய்து' குறைந்தால் மரியாதை போதாது என்றும் கூடினால் குழைவு என்றும் நிரலைத் திருப்பியனுப்பும். படித்துச் சிரிக்கலாம், எழுத உட்காராதீர்கள். 2003 ஏப்ரல் முதல் தேதி வெளியான வைட்ஸ்பேஸில் இடைவெளி, டேப், வரிமுறிவு தவிர எதற்கும் பொருளில்லை. வெற்றுத் தாளைக் காட்டி நண்பனை ஏமாற்றலாம், ஒரு முறை.

பி.எஃப்.புக்கு ஒரு ஞாயிறு, மற்றபடி பிஃபஞ்ச் என்றேன். நோட்டு வாங்கினான். போன வாரம் மெட்ரோவில் மண்ணடியில் இறங்க வேண்டியவன் உயர் நீதிமன்றம் வரை போய்விட்டான். ஓர் அம்பு வட்டமடித்துக்கொண்டே இருந்ததாம்.