கீழக்கரையில் கையால் கட்டும் நோட்டு: 900 ரூபாய் கொடுத்து வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் எதற்காக வாங்குகிறீர்கள், எந்தத் தாள் கேட்கிறீர்கள், எந்த மாதத்தில் ஆர்டர் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது பல வருடம் கையோடு உழைக்கும் நோட்டாகவும் இருக்கலாம், அலமாரியில் அழகுக்கு நிற்கும் நோட்டாகவும் இருக்கலாம். இந்தப் பட்டறையில் நான் நோட்டு வாங்கியிருக்கிறேன், அப்பாவின் பழைய பேரேட்டைப் பிரித்துக் கட்டக் கொடுத்திருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து வேலை நடப்பதைப் பார்த்துமிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஒரு பழைய வீட்டின் முன்கட்டுதான் பட்டறை. கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும், கூலிக்கு ஆள் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் காக்கா (அண்ணன்), லாத்தா (அக்கா) என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். பெயரும் போன் நம்பரும் போட வேண்டாம் என்று காக்கா சொல்லிவிட்டார், இருக்கிற வேலையே முடியவில்லையாம். கடைத்தெருவில் பைண்டிங் காக்கா வீடு என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

சரி, விலை. 192 பக்கம், ஏ5 அளவு, கோடு போடாத மேப்லித்தோ தாள் (வழக்கமான வெள்ளை எழுதுதாள்), காலிகோ என்னும் பைண்டிங் துணி ஒட்டிய கெட்டி அட்டை, இதற்கு 900 ரூபாய். ஸ்டேஷனரி கடையில் இதே பக்கக் கணக்குக்கு 100 ரூபாய் சுற்றி நோட்டு கிடைக்கும், அதை நானும் வாங்குகிறேன், அதில் தப்பே இல்லை. ஆனால் கடல் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் பின் அடித்த நோட்டை இரண்டு மழைக்காலம் வீட்டில் வைத்திருந்தால் அந்தப் பின் துருப்பிடித்துவிடும். உப்புக்காற்று சும்மா விடாது, உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஈரம் இரும்பைத் தின்னும், துரு தாளைத் தின்னும், கடைசியில் நடுப்பக்கம் பழுப்பு வட்டத்தோடு கையில் வந்துவிடும். பின் இல்லாமல் முதுகில் வெறும் பசை தடவி ஒட்டும் பர்பெக்ட் பைண்டிங்கும் இந்த வெயிலில் நாளாக ஆகப் பசை வறண்டு, விரித்து அழுத்தினால் முதுகு பிளந்து தாள் தாளாக உதிரும். காக்கா வீட்டு நோட்டில் இரும்பே கிடையாது. நூல், துணி, தாள், அட்டை, பசை, அவ்வளவுதான். அப்புறம், எந்தப் பக்கத்தில் திறந்து மேசையில் வைத்தாலும் தானாகவே மூடிக்கொள்ளாது. இந்த ஒன்றுக்காகவே எனக்கு இந்த நோட்டு வேண்டும், எழுதும்போது இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அந்த 900 ரூபாய் எங்கே போகிறது என்பதைப் பார்த்த பிறகுதான் நான் விலையைப் பற்றிப் பேசுவதை விட்டேன். நான்கு தாளை ஒன்றாக மடித்தால் 16 பக்கம், அது ஒரு பாரம். 12 பாரம் சேர்ந்தால் 192 பக்கம். ஒவ்வொரு பாரத்தையும் லாத்தாதான் மடிக்கிறார், எலும்புப் பட்டையால் மடிப்பை ஒரே இழுப்பில் தேய்த்து முடித்துவிடுகிறார். பிறகு மடிப்பின் மேல் குத்தூசியால் ஆறு துளை. இரண்டு நாடாவின் மேல் தைப்பதால் நாடா ஒன்றுக்கு இரண்டு, மேல் கீழ் ஓரங்களில் ஒவ்வொன்று. அப்படியானால் ஒரு நோட்டுக்கு 72 துளை, எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், ஒன்று விலகினாலும் முதுகு கோணிவிடும். தேன்மெழுகில் இழுத்த நூலைக் கோத்து ஒவ்வொரு பாரமாகத் தைத்து, ஓரத்துக்கு வந்ததும் கீழே இருக்கும் பாரத்தின் தையலில் ஊசியை நுழைத்து முடிச்சுப் போட்டு மேலே ஏறுகிறார். நூலை இழுக்கும் அளவுதான் கைப்பழக்கம். தளர்வாக விட்டால் நோட்டு ஆடும், இறுக்கி இழுத்தால் நூல் தாளை அறுக்கும். அவர் கட்டைவிரல் பக்கவாட்டில் தோல் காய்த்துப் போயிருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் இருக்கும்வரைதான் தைப்பார், கறுப்பு நூலை மாலையில் எடுக்கவே மாட்டார். வருகிறவர்கள் எல்லோரும் காக்காவின் பைண்டிங் என்றுதான் பாராட்டுகிறார்கள், ஆனால் அந்த நோட்டு விரிந்து படுப்பதற்குக் காரணம் லாத்தாவின் தையல். இதை எழுதியே ஆக வேண்டும் என்று இருந்தேன்.

காக்காவின் பங்கு வேறு. தாளுக்கு ஒரு ஓட்டம் உண்டு என்பதை நான் இங்கேதான் தெரிந்துகொண்டேன். மெஷினில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும், அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் முரண்டும், வெடிக்கும். புத்தகத்தின் முதுகுக்கு இணையாக அந்த ஓட்டம் இருக்க வேண்டும். அட்டைக்கும் அதே விதிதான். அது தப்பினால் பசை ஈரம் பட்டதும் அட்டை வளைந்து போகும், நம் ஊர் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். காக்கா ஒரு சின்னத் துண்டு தாளை நனைத்துப் பார்க்கிறார், அது சுருளும் விதத்தை வைத்து ஓட்டம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறார். தாளை ஓட்டம் பார்த்து வெட்டுவதால் ஒரு ரீமில் கழிவு அதிகமாகத்தான் போகிறது, அந்தக் கழிவைக் குட்டி நோட்டாகக் கட்டி 60 ரூபாய்க்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிறார்.

பசையை வீட்டிலேயே காய்ச்சுகிறார்கள். மைதாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, கொஞ்சம் மயில்துத்தம் சேர்க்கிறார்கள். அது நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் யாரும் பார்த்துவிட்டுச் செய்து பார்க்க வேண்டாம். மாவுப் பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து, மயில்துத்தம் அதைத் தடுக்கத்தான். முதுகுக்கு மட்டும் பெவிகால், அது வளைந்து கொடுக்கும் என்பதால். பழைய புத்தகங்களில் காக்கா பெவிகால் தொடவே மாட்டார். மாவுப் பசையைத் தண்ணீர் வைத்து இளக்கிப் பிரித்துவிடலாம், பெவிகால் பிடித்தால் பின்னால் வரும் யாரும் தாளைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது என்பார். ஒட்டி முடித்த நோட்டைத் திருகு அழுத்தியில் வைத்து இறுக்கி இரவு முழுக்க விட்டுவிடுகிறார்கள். அதனால் ஒரு நோட்டை ஒரே நாளில் கட்டித் தரவே முடியாது. பத்துப் பத்தாகச் சேர்த்துக் கட்டினால்கூட நோட்டு ஒன்றுக்கு இரண்டு பேர் கையும் சேர்த்து நாலு மணி நேரம், சாமான் செலவு 250 ரூபாய் என்பது காக்கா சொன்ன கணக்கு. மிச்சத்தை நீங்களே கழித்துப் பாருங்கள்.

ஆனால் இந்த நோட்டுகளை விற்று அவர்கள் பிழைக்கவில்லை. பங்குனி, சித்திரையில் கல்லூரிப் பிள்ளைகள் பிராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், கறுப்பு ரெக்சின், மேலே தங்க எழுத்து, நாளைக்கே வேண்டும் என்பார்கள். ஜமாத்துக்கு நிக்காஹ் பதிவேடு, சங்கங்களுக்குக் கணக்குப் புத்தகம், வக்கீல் ஆபீஸ் கட்டு, வீட்டுச் செலவு ஓடுவது இதில்தான். அந்த மாதங்களில் தையல் நோட்டு கேட்டால் கிடைக்காது. அதே கையால் நல்ல வேலை செய்யத் தெரிந்தவர் இரவு பன்னிரண்டு வரை ரெக்சின் வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் அப்படி நினைக்கவில்லை, ரிப்போர்ட்டையும் ஓரம் பிசகாமல்தான் கட்டித் தருகிறார்.

கீழக்கரை புத்தகத்துக்குப் புதிய ஊர் இல்லை. மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) வாழ்ந்த ஊர், தமிழை அரபி எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் (புத்தகங்கள்) இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன. அவை பழுதாகும்போது காக்காவிடம் வருகின்றன, என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான வித்தை அங்கேதான் இருக்கிறது. பழைய கையெழுத்துக் கிதாபுகள் பலவற்றில் பக்க எண் இருக்காது. ஒரு தாளின் அடியில் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை எழுதி வைத்திருப்பார்கள், உதிர்ந்து கலைந்த தாள்களை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். கிதாபு வலமிருந்து இடமாகப் போவதால் முதுகு வலப்பக்கம் வர வேண்டும். அட்டையிலும் ஒரு விசேஷம் உண்டு, பின்னட்டையிலிருந்து ஒரு மடல் நீண்டு வந்து தாள்களின் வெளி ஓரத்தை மூடி முன்னட்டைக்கு அடியில் போய் நுழைந்துகொள்ளும். தூசியும் பூச்சியும் ஓரம் வழியாகப் போகாது. வேறு ஊரில் யாரோ தலைகீழாகக் கட்டி, ஓரத்தை ஒழுங்கு செய்வதாக நினைத்து மெஷினில் வெட்டி, பக்க ஓரத்தில் எழுதியிருந்த உரைக்குறிப்பில் பாதியைத் தொலைத்த ஒரு கிதாபை அங்கே பார்த்தேன். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் யாரிடம் கொடுத்தாலும் "ஓரத்தை வெட்டாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்பாவின் பேரேட்டை இங்கே கொடுத்ததற்கும் இதுதான் காரணம். அப்பா ஒரு சங்கு வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சிவப்புத் துணி அட்டை, நீள வடிவம், முதுகு பிளந்து கிடந்தது, நடுவில் வீட்டில் யாரோ செல்லோடேப் வேறு ஒட்டி வைத்திருந்தார்கள். காக்கா உடனே வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. ஈரப் பஞ்சால் ஒரு ஓரத்து எழுத்தைத் தொட்டு மை கரைகிறதா என்று பார்த்தார். கரைந்தது. அதனால் தாள்களை நனைக்கவே கூடாது என்று முடிவு செய்து, முதுகில் மட்டும் கெட்டியான மாவுப் பசையைப் பூசி ஊறவைத்துப் பழைய வச்சிரப் பசையை இளக்கிச் சுரண்டி எடுத்தார். கிழிந்த மடிப்புகளுக்கு உள்பக்கம் மெல்லிய தாள் ஒட்டினார். செல்லோடேப்பை எல்லா இடத்திலும் எடுக்கவில்லை. இரண்டு பக்கத்தில் உரித்தால் அப்பாவின் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும் என்று காட்டி, "இத இப்படியே விட்ருவோம் தம்பி" என்றார். எனக்கு அந்தப் பதில்தான் நம்பிக்கை கொடுத்தது. பழைய சிவப்புத் துணியில் நன்றாக இருந்த பகுதியைப் புது அட்டையின் மேல் பதித்துக் கொடுத்தார். 1,800 ரூபாய் ஆனது. முன்பெல்லாம் திறக்கவே பயமாக இருந்த பேரேடு, இப்போது அம்மா தானே எடுத்துப் புரட்டுகிறார்.

இனி குறைகள். மேப்லித்தோவில் பால்பாயிண்ட், ஜெல் பேனா நன்றாக ஓடும், மைப்பேனா லேசாகக் கசியும், பின்பக்கம் நிழல் தெரியும். மைப்பேனாக்காரர்கள் வாங்கும் முன் ஒரு துண்டு தாளில் எழுதிப் பாருங்கள், கேட்டால் கொடுப்பார்கள். பஞ்சுத் துணியில் செய்த கைக்காகித நோட்டும் உண்டு, தாள் புதுச்சேரியிலிருந்து வருகிறது, 1,400 ரூபாய். வாட்டர்கலருக்கு அருமையாக இருக்கிறது, ஆனால் கூர்மையான நிப் இழையில் மாட்டும், தினசரி எழுத நான் சொல்ல மாட்டேன். அடர்சிவப்புக் காலிகோ நனைந்தால் சாயம் விடுகிறது, என் வெள்ளைச் சட்டைப் பையே சாட்சி. பச்சையும் காவியும் விடவில்லை. அடையாள நாடா கட்டையாக இருக்கிறது, இதை அவர்களிடமே சொன்னேன், நீளம் கூட்டுவதாகச் சொன்னார்கள். ஒரு நோட்டில் முன்னட்டை லேசாக வளைந்திருந்தது, கொண்டுபோய்க் காட்டியதும் பேச்சில்லாமல் மாற்றிக் கட்டிக் கொடுத்தார்கள்.

ஓலைச்சுவடி மாதிரி நீளமாக, இரண்டு பக்கமும் பனங்கட்டைச் சட்டம் வைத்து, துளையில் கயிறு கோத்த ஒன்றையும் செய்கிறார்கள். ராமேஸ்வரம் வருகிறவர்கள் அதைத்தான் ஆசையாக வாங்குகிறார்கள். பார்க்க அழகு, சட்டத்தை அவ்வளவு வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார்கள், ஆனால் எழுத வசதியில்லை, அகலம் போதாமல் கை கீழே நழுவுகிறது. பரிசு கொடுக்க வாங்குங்கள், எழுதுவதற்கு வேண்டாம்.

நேரம்தான் பெரிய சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அடைமழை. அந்த நாட்களில் ஒட்டு வேலையைக் காக்கா கிட்டத்தட்ட நிறுத்திவிடுகிறார். அவசரப்பட்டு ஈரத்தோடு மூடினால் அட்டைக்குள் பூஞ்சை பிடித்துவிடும். "மழையில பசை காயாது தம்பி, தை பொறந்ததும் வாங்க" என்பதுதான் பதில், எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதுதான் பதில். பொங்கலுக்குப் பிறகு மாசி வரைக்கும் ஆர்டர் கொடுக்க நல்ல காலம், பிறகு ஆடி, ஆவணி. நோன்பு மாதத்தில் காலை மட்டும் வேலை. வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், ஜும்ஆ முடிந்து திறக்க நேரமாகும். ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரைக்கு பஸ் அடிக்கடி உண்டு. கூரியரில் அனுப்பச் சொன்னால் தயங்குகிறார்கள், வழியில் மூலை நசுங்குகிறதாம், நேரில் போவதே நல்லது.

பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பார்கள். தாள் எது, கோடு வேண்டுமா வேண்டாமா, அட்டைத் துணி என்ன நிறம், மூன்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பாரம் மடித்துத் துளை போட்ட பிறகு தாளை மாற்றச் சொன்னால் லாத்தா மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும்.