ஃபெர்மி காமாக் கதிர்த் தரவுச் சேவை: ஒரு நீண்டகாலப் பயனரின் மதிப்புரை

காசியோப்பியா விண்மீன் குழுவில் உள்ள எல்எஸ் ஐ +61 303 என்னும் எக்ஸ் கதிர் இரட்டை விண்மீனின் (ஒரு பெரிய விண்மீனும் அடர்ந்த சிறு துணைப் பொருளும் சுற்றிவரும் இணையின்) ஏற்ற இறக்கங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர விரும்புவோருக்கு, நாசாவின் ஃபெர்மி காமாக் கதிர் விண்வெளித் தொலைநோக்கிக்கான அறிவியல் உதவி மையம் இணையத்தில் நடத்திவரும் இலவசத் தரவுச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சுமார் 26.5 நாளுக்கு ஒரு சுற்று முடிக்கும் இந்த இணையின் ரேடியோ வெடிப்புகள் எப்போதும் ஒரே வலிமையுடன் இருப்பதில்லை. அவற்றின் உச்சம் ஏறத்தாழ 1,667 நாள் கொண்ட நீள்சுழற்சியில் கூடிக் குறைகிறது. பெரிய விண்மீனைச் சூழ்ந்த வட்டு பெருத்துச் சுருங்குவதால் இது நிகழ்கிறதா, துணைப் பொருளிலிருந்து பீறிடும் துகள் தாரை ஒன்று தள்ளாடுவதால் நிகழ்கிறதா என்ற விவாதத்தில் காமாக் கதிரின் சாட்சியம் மிக முக்கியமானது. 2008 ஆகஸ்ட் முதல் வானம் முழுவதையும் அளந்துவரும் ஃபெர்மியிடம் அத்தகைய மூன்று முழுச் சுழற்சிகளுக்கு மேற்பட்ட பதிவு இருக்கிறது.

பயன்படுத்துவது எளிது. விண்மீனின் பெயர், அதைச் சுற்றித் தேட வேண்டிய வானப் பகுதியின் ஆரம், கால எல்லை, ஆற்றல் எல்லை ஆகியவற்றைக் கொடுத்தால், ஃபோட்டான் கோப்புகளும் விண்கலத்தின் நிலையைக் கூறும் கோப்பும் கிடைத்துவிடுகின்றன. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

எனினும், மையம் ஆயத்தமாக வெளியிடும் அன்றாட, வாராந்திர ஒளி வளைவுகளை (ஒளி அளவு காலப்போக்கில் மாறுவதைக் காட்டும் வரைபடங்களை) நீண்டகால ஆய்வுக்கு எடுத்தாளக் கூடாது. அவை முதற்கட்ட மதிப்பீடுகளே என்று மையமே தெளிவாக எச்சரிக்கிறது. இந்த விண்மீன் பால்வீதியின் தளத்தை ஒட்டியே இருப்பதாலும், 100 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற தாழ்ந்த காமா ஆற்றல் அளவில் கருவியின் பார்வை சில பாகை அகலத்துக்கு மங்கிவிடுவதாலும், பின்னணி ஒளியையும் அண்டை மூலங்களையும் மாதிரியில் சேர்த்து தரவுக்கு மிகவும் ஒத்துவரும் மதிப்புகளைக் கண்டறியும் நிகழ்தகவுப் பொருத்தத்தை நாமே செய்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் பலர் கவனத்துக்கு வருவதில்லை. ஃபெர்மியின் சுற்றுப்பாதைத் தளம் சுமார் 53 நாளுக்கு ஒருமுறை தன் திசையில் ஒரு முழுச் சுற்றுத் திரும்புகிறது. அதில் பாதி இந்த இரட்டை விண்மீனின் சுற்றுக்காலத்துக்கு மிக அருகில் வருகிறது. 2018 மார்ச்சில் சூரியத் தகடு ஒன்றின் இயக்கி நின்றபின் வானத்தை அளக்கும் முறையும் மாறியதால், ஒவ்வொரு கால இடைவெளிக்கும் உரிய வெளிப்பாட்டை (கருவி அந்த இடத்தை எவ்வளவு நேரம், எவ்வளவு திறனுடன் பார்த்தது என்பதை) கணக்கில் கொள்ளாமல் ஃபோட்டான்களை மட்டும் எண்ணினால், விண்கலத்தின் தாளத்தையே விண்மீனின் தாளமாகக் கருதிவிட நேரும். சேவை தரும் மென்பொருளில் இதற்குரிய கருவி உண்டு. ஆனால் புதியவர் அதன் அவசியத்தை உணரும் வகையில் வழிகாட்டி இதை முன்வரிசையில் வைத்திருக்கலாம். மென்பொருள் லினக்ஸ், மேக் கணினிகளுக்கே உரியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ரேடியோ அளவீடுகள் இங்கே கிடையா. அவற்றுக்கு, கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலுள்ள 40 மீட்டர்த் தொலைநோக்கி 15 கிகாஹெர்ட்ஸில் பல ஆண்டுகள் எடுத்த தொடரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.