இரவில் பன்றி பார்க்கும் தெர்மல்: 2 சம்பாவுக்கும் ஒரு ரிப்பேருக்கும் பிறகு

லால்குடிப் பக்கம் வாழை வைத்திருக்கும் என் மாமா மகன் போன வாரம் போன் செய்தான். "அத்தான், நீங்க வச்சிருக்கிற தெர்மல் இருபதாயிரம் விலை இறங்கியிருக்கு. வாங்கட்டுமா? இல்ல, கூடக் கொஞ்சம் போட்டு துப்பாக்கியில மாட்டுற ஸ்கோப்பாவே எடுத்துடலாமா?" என்று கேட்டான். தெர்மல் என்றால் உடம்புச் சூட்டை வைத்து இருட்டிலும் ஆளையும் விலங்கையும் வெள்ளை உருவமாகக் காட்டும் கருவி. சார்ஜ் ஏறும் இடம் பழுதாகி ரிப்பேருக்குப் போன என் கருவி, 2 மாதம் கழித்து அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்திருந்தது. அந்தக் கோபத்தோடு பதில் சொல்ல வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஸ்கோப் பற்றி. அவன் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அமெரிக்காவில், டெக்சாஸில் எடுத்தவை. அங்கே காட்டுப்பன்றி வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பெருகிய விலங்கு. தனியார் நிலத்தில், நில உரிமையாளர் சம்மதித்தால் வேட்டை உரிமம்கூட இல்லாமல் சுடலாம். இங்கே பன்றி இந்த மண்ணின் விலங்கு, 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வயலில் புகும் பன்றியைச் சுடலாம்தான். ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள், நாம் இல்லை. சட்டத்தை விடுங்கள், ஸ்கோப்பால் வயலைத் துழாவுவது என்றால் துப்பாக்கி முனையால் துழாவுவது என்று அர்த்தம். அது ஏன் கூடாது என்பதைக் கீழே சொல்கிறேன்.

என்னுடையது கையில் பிடித்துப் பார்க்கும் ஒற்றைக்கண் கருவி. 384க்கு 288 புள்ளி சென்சார், 19 மில்லிமீட்டர் லென்ஸ். எங்கள் நிலம் திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி. படுகையில் நாணலும் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடக்கின்றன. பகலெல்லாம் அதில் படுத்திருக்கும் பன்றிகள் ராத்திரி கரையேறி வரும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரே இரவில் கால் ஏக்கரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். பழைய சேலை கட்டினோம், முடிவெட்டும் கடையிலிருந்து முடி வாங்கி வந்து தூவினோம். அப்பா 74 வயதில் மோட்டார் கொட்டகையில் படுத்துத் தகரம் தட்டிக்கொண்டிருந்தார். மின்வேலி போடலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அதில் பன்றியோடு மனிதரும் மாடும் சாகிறார்கள். அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

தெர்மல் வந்த பிறகு அப்பா வீட்டில் படுக்கிறார். கருவியின் மற்ற எல்லாப் பெருமையும் எனக்கு இதற்கு அடுத்துதான். ராத்திரி 11 மணிக்கு ஒருமுறை, 2 மணிக்கு ஒருமுறை களத்து மேட்டில் நின்று சுற்றிப் பார்ப்பேன். 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 24 மீட்டர் அகலம் ஒரே பார்வையில் விழும். 10 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஒன்றும் இல்லையென்றால் போய்த் தூங்கலாம். இருந்தால் டார்ச்சும் தகரமும் எடுத்துக்கொண்டு, அது நிற்கும் பக்கமாகவே போகலாம். எலிக்காக வயலில் ஆந்தை உட்கார நட்ட குச்சியில் நிஜமாகவே ஆந்தை வந்து உட்காருவதையும், வரப்பில் ஓடும் சின்ன வெள்ளைப் புள்ளி மேல் அது இறங்குவதையும் முதல் தடவை பார்த்த இரவில் தூக்கமே வரவில்லை. அந்தக் குச்சியை இத்தனை வருஷம் நம்பிக்கையில்தான் நட்டுக்கொண்டிருந்தோம்.

இனி குறை. பெட்டியில் 900 மீட்டர் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் அந்தத் தூரத்தில் நிற்கும் ஆள் மூன்று புள்ளி உயரம். ஏதோ சூடாக இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். பன்றியா கன்றுக்குட்டியா என்று பிரித்துச் சொல்ல எனக்கு 150 மீட்டருக்குள் வர வேண்டும். சேற்றில் புரண்டு வந்த பன்றி இன்னும் மங்கல். கரும்புக்குள் போய்விட்டால் எந்தத் தெர்மலும் காட்டாது, தோகை மறைத்துவிடும். கார் கண்ணாடி வழியாகவும் பார்க்க முடியாது, கண்ணாடி அந்த வெப்பக் கதிரை விடாது. மார்கழிப் பனியில் எல்லாமே சாம்பல் பூசினது போல இருக்கும். அதனால் வாங்குகிறவர்கள் ஜூமைப் பார்க்காதீர்கள். எவ்வளவு சின்ன வெப்ப வித்தியாசத்தைப் பிடிக்கும் என்ற எண்ணைப் பாருங்கள். மில்லிகெல்வினில் போட்டிருப்பார்கள், குறைய இருந்தால் நல்லது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு 25க்குக் கீழே இருப்பது உத்தமம். என்னுடையது 35.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்த 'டிக்'. சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்ள உள்ளே ஒரு சின்ன மூடி விழும். படம் ஒரு வினாடி அப்படியே உறைந்து நிற்கும். போட்டவுடன் நிமிடத்துக்கு ஒருமுறை, சூடேறிய பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு. தானாக நடக்காமல் நிறுத்தி வைக்கலாம். அப்படி வைத்தால் கொஞ்ச நேரத்தில் படம் முழுக்கக் கோடு கோடாக வந்துவிடும்.

போன கார்த்திகையில் ஒரு இரவு. வாய்க்கால் ஓரம் நாலு வெள்ளை உருவம், கொஞ்சம் தள்ளி ஐந்தாவதாக ஒன்று, குனிந்து, அதே உயரத்தில். பன்றிக் கூட்டம் என்றே முடிவு கட்டிவிட்டேன். டிக். படம் நின்றது. திரும்ப ஓடியபோது ஐந்தாவது உருவம் இரண்டு காலில் நிமிர்ந்து நின்றது. அடுத்த வயல்காரர், மடை திருப்ப வந்தவர். பன்றி அந்தப் பக்கம் நிற்பது அவருக்குத் தெரியாது. நான் கத்தினேன், அவர் வரப்பேறினார், பன்றிகள் படுகைக்குள் ஓடின. என் கையில் இருந்தது வெறும் கருவி. ஸ்கோப்பாக இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

சர்வீஸ் பற்றி இரண்டே வரி. 2 மாதமும் சரியாகச் சம்பா கதிர் வரும் காலம். போன் எடுக்க ஆள் இல்லை. திரும்பி வந்ததில் சார்ஜ் ஏறுகிறது, படத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி வெளியே சார்ஜ் போடும் மாடலாக வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

சரி, வாங்கலாமா? அப்பாவைத் தூங்க வைத்த கருவியைப் பற்றி இப்படிச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் வாங்காதே என்றுதான் அவனிடம் சொல்வேன். இருபதாயிரம் இறங்கியதற்காக இதே மாடலை எடுக்காதே. ஸ்கோப் எந்த விலைக்கும் வேண்டாம். தை அறுப்பு முடிந்ததும் என்னுடையதைக் கொண்டுபோய் ஒரு மாதம் உன் வாழையில் வைத்துப் பார், அந்த டிக்கை நீ பொறுத்துக்கொள்கிறாயா என்று தெரிந்துவிடும். அறுப்பு வரைக்கும் அது எனக்கு வேண்டும், இன்று ராத்திரி 11 மணிக்கும்.