ரூட் கெனால் முடிந்த பல்லுக்கு உலோக போஸ்ட்டா, ஃபைபர் போஸ்ட்டா?

பல் வேருக்குள் இறக்கும் சிறு தண்டுதான் போஸ்ட். அதை வைத்தால் பல் பலமாகிவிடும் என்று சிங்கப்பூரின் தேக்கா பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகாது. மேல்பாகம் உடைந்த பல்லில், கிரவுனுக்கு (பல்லின் மேல் மாட்டும் உறை) அடியில் கட்டும் கோர் (உள்கட்டு) நிற்க ஒரு பிடிமானம் வேண்டும், அதற்குத்தான் போஸ்ட். வேரைக் குடைந்து இடம் செய்வதால் பல் இன்னும் கொஞ்சம் மெலியவே செய்யும்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு விறைப்பு. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினுக்கு அது சுமார் 18 கிகாபாஸ்கல் (எண் கூடினால் விறைப்பும் கூடும்). பிசினில் இழைகள் பதித்த ஃபைபர் பெரும்பாலும் 20 முதல் 50க்குள் வரும். டைட்டானியம் 110, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 200. முறுக்கைக் கடிக்கும்போது வேர் மயிரிழை அளவு வளைகிறது. ஸ்டீல் வளைய மறுக்கிறது. அழுத்தம் அதன் வழியே கீழே இறங்கி போஸ்ட்டின் நுனியருகே குவிகிறது. அங்கே விரிசல் விட்டு வேர் நெடுக்காகப் பிளந்தால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான். நுனி குறுகிய போஸ்ட், விறகில் அடித்த ஆப்பு மாதிரி வேரை விரிக்கப் பார்க்கும். மரை போட்டுத் திருகும் வகைதான் இருப்பதிலேயே மோசம். எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஃபைபர் பல்லோடு சேர்ந்து வளையும். அழுத்தம் ஈறு மட்டத்தில் பரவும். தோற்றாலும் பசை விடும், கோர் உடையும். வேர் தப்பித்தால் திரும்பக் கட்டலாம். ஆனால் சொந்தப் பல் மிச்சமில்லாத இடத்தில் இந்த வளைவே வினை. பசை மெல்லக் கழன்று, எச்சில் புகுந்து, கிரவுனுக்கு அடியில் சத்தமில்லாமல் சொத்தை பரவும். வேரின் துளை முட்டை வடிவமாக இருந்தால் அச்செடுத்து வார்த்த உலோக போஸ்ட் கச்சிதமாகப் பொருந்துவதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிர்கோனியா என்னும் பீங்கான் வகை போஸ்ட்? வெள்ளையாக இருக்கும், விறைப்பில் ஸ்டீலுக்குச் சளைத்ததல்ல, உடைந்தால் குடைந்தெடுப்பதும் பெரும்பாடு.

என் கணக்கில் முதல் கேள்வி போஸ்ட்டே அல்ல. ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் சொந்தப் பல் நின்று, கிரவுனின் விளிம்பு அதைக் கவ்வினால், எந்த போஸ்ட் என்பது பாதி முக்கியத்துவத்தை இழந்துவிடும். அப்படி நிற்கும் முன்பல்லுக்கு ஃபைபர் போதும். முன்பல்லில் விசை சாய்வாக விழுவதால் வேர் பிளக்கும் அபாயத்தைக் குறைப்பதே நல்லது. கடைவாய்ப் பல்லில் சுவர்கள் நன்றாக இருந்தால் பெரும்பாலும் போஸ்ட்டே தேவைப்படாது.

சிங்கப்பூர் அரசின் மருத்துவ மானியத் திட்டமான சாஸின் (CHAS) நீல, ஆரஞ்சு அட்டைகளுக்கு ரூட் கெனாலுக்கும் கிரவுனுக்கும் மானியம் உண்டு. சரி, செலவைப் பேசும்போதே "எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது, டாக்டர்?" என்றும் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே உலோக போஸ்ட் வைத்து வலி, வீக்கம் எதுவுமில்லாமல் இருந்தால், ஃபைபருக்கு மாற்ற வேண்டும் என்பதற்காக மட்டும் அதைக் கழற்றச் சொல்லாதீர்கள். கழற்றும்போதே வேர் விரியலாம்.