பிரேசில் நட்: ஓட்டோடும் வேண்டாம், நொறுங்கியதும் வேண்டாம்

'மழைக்காட்டுப் பொருள்' என்று பாக்கெட்டில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது. பிரேசில் நட் விஷயத்தில் மட்டும் அது பெரும்பாலும் உண்மை. உலகச் சந்தைக்கு வரும் இந்தப் பருப்பு ஏறக்குறைய முழுவதும் அமேசான் காட்டில் தானாக வளர்ந்த மரங்களின் அடியில் பொறுக்கியதுதான். தோட்டம் போட்டுப் பார்த்தவர்களுக்கு விளைச்சல் சரியாக வரவில்லை. இதன் பூவை இறுக்கமான மூடி ஒன்று மறைத்திருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையும் வலு பெரிய தேனீக்களுக்கே உண்டு. அவற்றுக்குக் காடு வேண்டும். இயற்கையாக வளர்ந்த மரத்தை வெட்டக் கூடாது என்று பிரேசிலில் சட்டம் இருக்கிறது. அதனால் சுற்றியுள்ள காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கியவர்கள் இந்த மரத்தை மட்டும் விட்டுவைப்பார்கள். அது நிற்கும், ஆனால் காய்ப்பு குன்றிவிடும்.

எனவே இந்தப் பருப்புக்கு விலை கிடைக்கும்வரை காட்டை விட்டுவைக்க ஒரு காரணம் இருக்கிறது. பொறுக்கியவர் கைக்கு அந்த விலையில் எவ்வளவு போகிறது என்பது தனிக் கேள்வி. காய் விழுந்த பிறகு அதை யார் உலர்த்துகிறார், யார் உடைக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

காய் விழுவது மழைக்காலத்தில், பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை. சிறிய தேங்காய் அளவுள்ள கட்டையான காய், 2 கிலோவரைகூட இருக்கும். 40, 50 மீட்டர் உயர மரத்திலிருந்து விழுவதால் காற்றடிக்கும்போது யாரும் அடியில் போவதில்லை. உள்ளே 10 முதல் 25 கொட்டைகள். காயை வெட்டுக்கத்தியால் பிளந்து, கொட்டைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிடுவார்கள். மிதப்பது பொக்கு அல்லது அழுகல்.

கெட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான். ஈரத் தரையில் வாரக்கணக்கில் கிடந்த காய், மூட்டையில் கட்டி வைத்த ஈரக் கொட்டை, இரண்டிலும் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். விழுந்த காயைச் சீக்கிரம் சேகரித்து, காயின் முனையிலுள்ள சிறு துளை கீழே இருக்கும்படி அடுக்கி, சில நாட்களுக்குள் பிளந்து, தரைக்கு மேலே கட்டிய பரணில் மெல்லிய அடுக்காகப் பரப்பி நாள்தோறும் கிளறிவிட வேண்டும். கூரையும் பரணும் இல்லாத குடும்பம் ஈரக் கொட்டையை அப்படியே ஆற்றுப் படகில் வரும் தரகரிடம் தள்ளிவிடும். அரிசி, எண்ணெய், தோட்டா எல்லாவற்றையும் முன்கூட்டியே கடனாகக் கொடுத்துக் கொட்டையில் கழித்துக்கொள்ளும் வழக்கம் பிரேசிலில் 'அவியாமெந்தோ', பொலிவியாவில் 'அபிலிதோ'. அளவு எடுப்பது தகர டின்னில், ஒரு டின்னுக்குச் சுமார் 10 முதல் 12 கிலோ. டின்னைக் கோபுரமாகக் குவித்து ஒன்றாகக் கணக்கெழுதுவது பழைய தந்திரம். கூட்டுறவுக் கிடங்கும் தராசும் வந்த இடத்தில் பேரம் மாறுவது இதனால்தான்.

ரப்பர் பால் எடுப்பவர்களின் தலைவர் சிக்கோ மென்டிஸ் 1988 டிசம்பரில் கொல்லப்பட்டார். காட்டை வெட்டாமல் அதன் விளைபொருளைச் சேகரித்து வாழ்பவர்களுக்காக 1990-இல் பிரேசில் அறிவித்த முதல் சேகரிப்புக் காப்பகங்களில் ஒன்று அவர் பெயரில் அக்ரே மாநிலத்தில் இருக்கிறது. நிலம் அரசுடையது, பயன்படுத்தும் உரிமை அங்கே வாழ்பவர்களுடையது. வறண்ட மாதங்களில் ரப்பர், மழையில் கொட்டை என்பது அங்குள்ள வருமான நாட்காட்டி. ரப்பர் விலை சரிந்தபின் அதில் ஒரு கால் உடைந்தது. அதே காப்பகத்துக்குள் மாடு வளர்ப்பும் காடழிப்பும் பரவியிருப்பதை மறைப்பதற்கில்லை. கொட்டை ஒன்றே குடும்பத்தை ஆண்டு முழுக்கக் காப்பாற்றாது.

இப்போது பாக்கெட்டுக்கு வருவோம். ஓட்டோடு விற்பதை வாங்க வேண்டாம். உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. பிரேசிலிலிருந்து வரும் ஓட்டுக் கொட்டைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் கடும் நிபந்தனை விதித்ததற்கு இந்த நஞ்சுதான் காரணம். பொலிவியாவின் ரிபெரால்டா ஆலைகளில் ஆவியில் வேகவைத்து, நெம்புகோல் கருவியில் ஒவ்வொன்றாகக் கையால் உடைத்து, தரம் பிரித்து அனுப்புகிறார்கள். அந்தக் கூலியும் காட்டோரத்து ஊரிலேயே தங்கும்.

நொறுங்கிய பருப்பு விலை குறைவு என்று மயங்க வேண்டாம். இதில் மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பு. வெட்டுப்பட்ட முகமெல்லாம் காற்றுப் பட்டுக் காறிப்போகும். முழுப் பருப்பு, நடுத்தர அளவு, காற்று நீக்கிய பை: இதுவே நமது பரிந்துரை. ஒன்றைக் குறுக்கே வெட்டினால் உட்புறம் தந்த நிறத்தில் இருக்க வேண்டும். மஞ்சள் பாய்ந்திருந்தாலோ பெயின்ட் வாடை அடித்தாலோ திருப்பிக் கொடுங்கள். பை திறந்ததும் குளிர்பெட்டியில், இறுக மூடிய பாட்டிலில்.

லேபிளில் நாடு மட்டும் போதாது. கூட்டுறவின் பெயரோ காப்பகத்தின் பெயரோ, கூடவே அறுவடை ஆண்டும் இருந்தால் நம்பலாம். பொதி கட்டிய தேதியை மட்டும் போட்டிருந்தால் சரக்கின் வயது தெரியாது.

ருசி நன்றாகவே இருக்கிறது, வெண்ணெய் போல வழுவழுப்பு. அதற்காகக் கை நிறைய அள்ள வேண்டாம். அமெரிக்க வேளாண் துறையின் சத்துப் பட்டியல்படி 28 கிராமில் செலினியம் என்ற தாதுச்சத்து 500 மைக்ரோகிராமுக்கு மேல். பெரியவர்களுக்கு அங்கே வகுத்துள்ள நாள் தேவை 55, உச்ச வரம்பு 400. மண்ணைப் பொறுத்துப் பருப்பிலுள்ள செலினியம் பன்மடங்கு மாறும்: அமேசோனாஸ் மாநிலச் சரக்கில் அதிகம், அக்ரேயில் குறைவு. நாளுக்கு ஒன்றிரண்டு போதும். தொடர்ந்து மிகையாகத் தின்றால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை வரும்.

விலை திடீரென்று ஏறினால் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. பூத்ததிலிருந்து காய் முற்ற 14, 15 மாதம் ஆகும். 2015-16 எல் நினோ வறட்சியின் அடி 2017 அறுவடையில் விழுந்தது அப்படித்தான். அத்தகைய ஆண்டில் கிடங்கில் கிடந்த பழைய சரக்கும் வெளியே வரலாம். அறுவடை ஆண்டு அச்சிடாத பையை அப்போது தொடவே வேண்டாம்.